அத்தை என்பது பயனர் வகை அல்ல

லிஃப்ட் மெக்கானிக்குக் கடிதம் எழுதும் பழக்கம் கிடையாது. பதினெட்டு வருஷமாக அவன் எழுதியதெல்லாம் "கயிறு மாற்றப்பட்டது", "கதவு சரிசெய்யப்பட்டது" என்கிற வகை இலக்கியம்தான், அதுவும் லிஃப்டுக்குள் தொங்கும் அட்டையில். அப்படிப்பட்டவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மோட்டார் அறையில் உட்கார்ந்து, கைக் கிரீஸைத் துணியில் துடைத்துவிட்டு, செல்போனில் ஒரு வரி எழுதி அனுப்பினான். "அதை எடுக்காதீங்க. என் அத்தைக்கு வேணும்." சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை இந்த ஒரு வரியில்தான் ஆரம்பித்தது.

எதை எடுக்கக் கூடாது என்றான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவனுடைய அத்தை, அப்பாவின் தங்கை, ரெண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். கோர்ட்டு விசாரணை, இன்ஷூரன்ஸ் விசாரணை, கம்பெனிக் கூட்டம் என்று யார் யாரோ பேசிய ஒலிப்பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் தொழில். காலடியில் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரத்தில் கொஞ்சம் தெரியும், நேரே பார்த்தால் வெறும் புகை. விரலுக்குக் கண் தேவையில்லை, ஆனால் அடித்தது என்ன, எங்கே விட்டோம் என்று பார்க்கக் கண் வேண்டுமே. அப்போதுதான் மருமகன் அவள் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான்.

பல பேர் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்து ஊருக்கெல்லாம் சும்மா கொடுக்கும் சமாச்சாரம் அது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அதில் ஒரு விசேஷம், பெட்டியைத் திறந்த மறு நிமிடமே ஒரு குரல் திரையில் இருப்பதையெல்லாம் வாசிக்கும். யாரும் ஆன் பண்ண வேண்டாம். இப்படி நாம் எதையும் தொடாமலே தானாக ஓடுவதற்கு டிஃபால்ட் என்று பெயர். அந்தக் குரல் பத்து நாள் ஜலதோஷம் பிடித்த ஆளின் குரல் மாதிரி இருந்ததால் அத்தை அதற்குத் தொண்டைகட்டி என்று பெயர் வைத்தாள். "ஆளு பாக்க எப்படியோ, நமக்குச் சோறு போடறவன்" என்பாள்.

அந்தத் தொண்டைகட்டியை அடுத்த பதிப்பிலிருந்து டிஃபால்ட்டாக வைக்கலாமா கூடாதா என்று அந்த இயங்குதளத் திட்டத்தின் அறநெறிக் குழு ஆராயப்போவதாக அதன் இணையப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அதற்குத்தான் மெக்கானிக் அந்த ஒரு வரியை எழுதினான். அனுப்பிய அடுத்த விநாடியே பதில் வந்து விழுந்தது.

"பயனருக்கு. உங்கள் கருத்து பெறப்பட்டது. 'அத்தை' என்பது எங்கள் பயனர் வகைப்பாட்டில் இல்லை. தனிநபர் தேவையை வைத்து டிஃபால்ட்டைத் தீர்மானிப்பது அறமாகாது. விரும்பினால் கூட்டத்துக்கு வரலாம். இது தானியங்கிப் பதில்."

மெக்கானிக்குக் கோபம் வந்தது. அத்தையை வகையில்லை என்று சொல்ல இவன் யார்? சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்று போட்டிருந்தது. இருந்ததில் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கூட்டம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில். சனிக்கிழமை மதியத்துக்குமேல் நோயாளிகள் கிடையாது என்பதால் குழுவுக்கு இடம் கிடைத்திருந்தது. சுவரில் சொத்தைப் பல்லின் குறுக்குவெட்டுப் படம், மேஜையில் திறந்த வாயோடு ஒரு பிளாஸ்டிக் தாடை, அதன் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி. பல் டாக்டர்தான் தலைவர். சரியாகச் சொன்னால், தற்காலிகத் தலைவர். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரத் தலைவர் என்று ஒருவரை உட்காரவைத்தால் அவரும் ஒரு டிஃபால்ட் ஆகிவிடுவார் என்பதால் அந்த விஷயம் பரிசீலனையில் இருந்தது. கொஞ்சம்தான் வலிக்கும் என்று சொல்கிற அதே குரலில் எல்லாவற்றையும் பேசுவார்.

இன்னொருவர் வரி ஆலோசகர். குழுவில் அவரைத் தூயவர் என்பார்கள். உள்ளே பிரித்துப் பார்க்க முடியாத, முழுக்கத் திறந்த மூலம் இல்லாத ஒரு நிரலைக்கூடத் தொடுவதில்லை என்று விரதம். அதனால் அவர் செல்போனில் அழைப்பு வராது, போகாது, மணி மட்டும் காட்டும். கூட்டம் என்றைக்கு என்பதை உத்தேசமாகக் கணித்து வருவார், பெரும்பாலும் சரியாகவே வருவார். மூன்றாவது, நூலகர் அம்மா. குழுவின் விதிகள் அத்தனையும் அவர் மடியில் ஒரு தடிக் கோப்பாக இருந்தன. நாலாவதாக ஒரு பாட்டு வாத்தியார். அவர் "அதாவது..." என்று ஆரம்பிப்பார், அதற்குள் வேறு யாராவது முடித்துவிடுவார்கள்.

"நீங்க அஞ்சாவது ஆளா?" என்று நூலகர் அம்மா கேட்டார். கேட்டபோது அவர் முகத்தில் தெரிந்த மலர்ச்சிக்கு மெக்கானிக்குக் காரணம் புரியவில்லை. தன் சட்டை என்று நினைத்துக்கொண்டான்.

குறிப்பெடுக்க யாரும் பேனாவையோ கம்ப்யூட்டரையோ தொடவில்லை. ஏன் என்று கேட்டான்.

"நடவடிக்கைக் குறிப்பை எந்த நிரல்ல எழுதறதுன்னு இன்னும் முடிவாகல" என்றார் நூலகர் அம்மா. "ரெண்டு நிரல் போட்டியில இருக்கு. ஒண்ணுல எழுதினா இன்னொண்ணுக்கு அநியாயம். அதனால பேசறத பதிவு பண்ணி வெளியில ஒரு ஏஜென்சிக்கு அனுப்பிடறோம். அவங்க வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு பண்ணித் தருவாங்க."

"அவங்க எந்த நிரல்ல பண்றாங்க?"

"கேக்கல. தெரியாத வரைக்கும் அறம் கெடாது."

அப்புறம் விஷயத்துக்கு வந்தார்கள். பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "நாம யாரையும் எதுக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. அதுதான் இந்தக் குழுவோட உயிர்மூச்சு. பெட்டியத் திறந்ததும் ஒரு குரல் பேசுதுன்னா, அது பயனரோட மௌன உரிமையில கை வைக்குது. அவர் கேட்டாரா? கேக்கல. கேக்காதத கொடுக்கறது தானமா, திணிப்பா? என் கிளினிக்ல ஒரு பல்லக்கூட நான் கேக்காம புடுங்கினதில்ல."

தூயவர் எழுந்தே நின்றுவிட்டார். "அது சின்ன விஷயம். குரல் கொடுத்தவர் யாரு? அவர் தொண்டையோட மூலம் திறந்திருக்கா? நிரலத் திருத்தலாம், சரி. தொண்டையத் திருத்த முடியுமா? திருத்த முடியாதது கட்டற்றது இல்ல. நான் போன வருஷத்துலேருந்து ரேடியோ கேக்கறதையே விட்டுட்டேன்."

"அதாவது..." என்றார் பாட்டு வாத்தியார்.

மெக்கானிக் கையைத் தூக்கினான். "வேணாங்கறவங்க நிறுத்திக்கலாமே சார். வேணுங்கறவங்க கண்ணு தெரியாம எப்படி ஆன் பண்ணுவாங்க? என் அத்தை..."

"ஒரு நிமிஷம்" என்று நூலகர் அம்மா கோப்பைப் புரட்டினார். "அத்தைங்கறது உங்க உறவு. அப்ப இந்தப் பொருள்ல உங்களுக்குச் சொந்த நலன் இருக்கு. விதி பன்னண்டு. பார்வை சம்பந்தமா பேச்சு வரும்போதெல்லாம் நீங்க வெளியில நிக்கணும்."

அன்றைக்கு அவன் ஏழு தடவை வெளியே போய் நின்றான். வாசலில் செருப்பு அடுக்கும் பலகையும் ஒரு தொட்டிச் செடியும் இருந்தன. எட்டாவது தடவை உள்ளே வந்தபோது பொறுக்க முடியாமல், பார்வை என்ற வார்த்தையையே உச்சரிக்காமல் தன் தொழிலைப் பேசினான்.

"சார், ஓடிட்டிருக்கும்போது கரண்ட் போச்சுன்னு வைங்க. நாங்க மாட்டற லிஃப்ட் தானா பக்கத்து மாடிக்கு வந்து நின்னு கதவத் திறந்துடும். உள்ள இருக்கறவங்கள எந்தப் பட்டனையும் அமுக்கச் சொல்ல மாட்டோம். இருட்டுல அவங்களுக்குப் பட்டன் எங்க தெரியும்? அமுக்கத் தெரிஞ்சவன் எப்படியும் பொழச்சுக்குவான். அமுக்க முடியாதவனுக்காகத்தான் சார் டிஃபால்ட்."

பல் டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். நூலகர் அம்மா அதை "லிஃப்ட் உவமை, இணைப்பு நான்கு" என்று பதிவுக் கருவியில் அறிவித்தார். அதை யாரும் மறுத்துப் பேசவில்லை, அதன்படி எதையும் செய்யவும் இல்லை. இணைப்பாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் மெக்கானிக்குத் தலைகால் புரியவில்லை. பதினெட்டு வருஷம் கயிற்றைப் பார்த்தவனை இன்றைக்குத்தான் நாலு படித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இணைப்பு நான்கைப் பற்றி ரெண்டு தடவை சொன்னான். அவள் முதல் மூன்று இணைப்பு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டாள்.

அன்றே அவனை உறுப்பினராக்கிவிட்டார்கள். அடுத்த மாதம் கேள்வித்தாள் துணைக்குழுவுக்குச் செயலாளராக்கினார்கள். துணைக்குழுவில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லை, ஆனாலும் செயலாளர் செயலாளர்தானே. அத்தை விஷயத்தை உள்ளே இருந்தே சாதிக்கலாம் என்று அவன் நினைத்தான். இப்படி நினைத்து உள்ளே போனவர்களை வைத்தே ஒரு தனிக் குழு அமைக்கலாம்.

சனிக்கிழமைகள் ஓடின. திரையின் பின்னணிப் படம் எதுவாக இருக்க வேண்டும் என்று ஒரு முழு மதியம் போயிற்று. மலை வைத்தால் சமவெளிக்காரர்களுக்கு அநீதி. கடல் வைத்தால் நீச்சல் தெரியாதவர்களுக்கு மனவேதனை. கடைசியில் வெறும் சாம்பல் நிறம் என்று வந்தபோது, எந்தச் சாம்பல் என்று தூயவர் கேட்டார். கடிகாரத்துக்கு ரெண்டு மதியம். எந்த ஊர் நேரத்தைக் காட்டினாலும் மற்ற ஊர்க்காரர்கள் தப்பான நேரத்தில் வாழ்கிறார்கள் என்று ஆகிவிடுமே. எனவே பயனர் கேட்கும்வரை கடிகாரம் நேரம் காட்டாமல் ஓடும் என்று தீர்மானித்தார்கள். அதை எழுதிக் கொடுத்தவன் மெக்கானிக். நன்றாகவே எழுதியிருந்தான்.

மெல்ல மெல்ல அவன் பேச்சே மாறியது. ஒரு நாள் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவே ஒரு வக்கீல் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். பழைய மெக்கானிக்காக இருந்தால் "பயப்படாதீங்க சார், ரெண்டே நிமிஷம்" என்று கத்திவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றியிருப்பான். இப்போது கதவிடுக்கில் வாயை வைத்து, "மேல வர்றதா கீழ போறதா, உங்க விருப்பத்தத் தெரிவிங்க. ரெண்டுக்கும் சாதக பாதகம் இருக்கு" என்றான். வக்கீல் உள்ளேயிருந்து சொன்னதை இங்கே எழுத முடியாது. வெளியே வந்த பிறகும் அதையே திரும்பச் சொன்னார்.

கடிதம் எழுதத் தெரியாதவனுடைய கடிதத்தில் இப்போது அடியில் ஏழு வரிப் பதவி இருந்தது. முதல் நாள் தனக்கு வந்த அந்தத் தானியங்கிப் பதிலைக்கூட அவன்தான் திருத்தினான். அதில் மரியாதை போதவில்லை என்பது அவன் எண்ணம். "பயனருக்கு" என்பதை "அன்பும் மதிப்பும் நிறைந்த பயனரே" என்று மாற்றினான். "வருந்துகிறோம்" சேர்த்தான். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, அடியில் தன் பதவியைப் போட்டான். இதை எழுதிய இரவு நன்றாகத் தூங்கினான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போவான். அத்தை காதில் ஹெட்போனோடு மிதியை மிதித்தபடி அடித்துக்கொண்டிருப்பாள். சில சமயம் மிதியை எடுத்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரிப்பாள்.

"என்ன அத்தை சிரிப்பு?"

"தொழில் ரகசியம். கேட்டது காதோட." கோர்ட்டில் கேட்டதையே வெளியே சொன்னதில்லை அவள். "என் விஷயம் உன் கமிட்டில என்ன ஆச்சு?"

"முன்னெடுத்திருக்கோம் அத்தை."

"முன்ன எடுக்கறது இருக்கட்டும். பெட்டிலேருந்து எடுக்காம இருந்தா சரி. எனக்கு அது இல்லன்னா வேல இல்ல, தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியாதா?" என்றான். தெரியும்தான்.

கடைசிக் கூட்டத்தில் குழு தன் வரலாற்றிலேயே பெரிய முடிவை எடுத்தது. எதை டிஃபால்ட் ஆக்கினாலும் யாருக்காவது அநியாயம் என்பதால், இனிமேல் எதுவுமே டிஃபால்ட் கிடையாது. புதுப் பதிப்பில் முதல்முறை பெட்டியைத் திறக்கும்போது இயங்குதளம் பயனரிடம் அறுபத்தோரு கேள்வி கேட்கும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் மேற்கொண்டு போகும். எந்தக் கட்டத்திலும் முன்கூட்டி டிக் இருக்காது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அறநெறி விளக்கம், அதைக் கடைசி வரை உருட்டினால்தான் அடுத்த பொத்தான் தெரியும். தெரிந்த பிறகும் ஒரு நிமிடம் வேலை செய்யாது. அந்த ஒரு நிமிடத்துக்குச் சிந்தனை நிமிடம் என்று பெயர். கேள்விகளை எழுதியதும் சிந்தனை நிமிடத்தைக் கண்டுபிடித்ததும் துணைக்குழுச் செயலாளர்.

எந்தக் கேள்வி முன்னால், எது பின்னால் என்பதிலும் பாரபட்சம் கூடாதே. அதனால் அறுபத்தோரு சீட்டு எழுதி, பல் டாக்டர் உள்ளேயிருந்து கொண்டுவந்த ஸ்டீல் தட்டில் போட்டுக் குலுக்கினார்கள். எடுத்தது மெக்கானிக். "கம்ப்யூட்டர் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமா?" என்ற கேள்வி ஐம்பத்தெட்டாவதாக வந்தது.

வாக்கெடுப்புக்கு முன்னால் பேசச் சொன்னார்கள். "இதுவரைக்கும் அத்தைங்கறது ஒரு வகையே இல்லன்னு இருந்தது" என்றான் எழுந்து நின்று. "இன்னிக்கு அத்தைக்குன்னு தனியா ஒரு கேள்வியே கிடைச்சிருக்கு. இதவிட என்ன வேணும்?" கைதட்டினார்கள். ஒவ்வொருவராக ஆதரிக்கிறேன் என்றார்கள். பாட்டு வாத்தியார்கூட ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

அவன் முறை வந்தபோதுதான் உறைத்தது. ஐம்பத்தேழு கேள்வியை வாய் திறக்காத பெட்டியில் அத்தை எப்படித் தாண்டுவாள்? ஒன்றாவது கேள்வி எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாதே. சொல்லிவிடலாம். ஆனால் அஞ்சு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லா முகமும் அவனையே பார்க்கிறது, அறுபத்தோரு கேள்வியும் அவன் எழுதியது. "ஆதரிக்கிறேன்" என்றான்.

நூலகர் அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். விதிப்படி அஞ்சு பேர் இல்லாம எந்தத் தீர்மானமும் செல்லாது. ரெண்டு வருஷமா நாங்க நாலு பேர்தான். நீங்க மட்டும் அன்னிக்கு வரலன்னா இந்தக் குழுவால எதையுமே மாத்தியிருக்க முடியாது. எல்லாம் இருந்தபடியே இருந்திருக்கும்."

பஸ்ஸில் திரும்பும்போது அந்த வாக்கியம் அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கூடவே வந்தது. சரி, புதுப் பதிப்பு வெளியாக நாளாகும், அதற்குள் அத்தை பெட்டியை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டான். அத்தைக்குச் சிரமம் வேண்டாமென்று, புதுப் பதிப்பு வந்தால் தானாகவே ஏறிக்கொள்ளும்படி அந்தப் பெட்டியில் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனே செய்துவைத்தது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, அவன் ஒரு லிஃப்டின் அடிக்குழியில் நின்றிருந்தபோது போன் வந்தது.

"மருமகனே, பெட்டி ஊமையாயிடுச்சுடா."

"பதிப்பு இன்னும் வெளியாகலையே அத்தை" என்றான். வெளியாகியிருந்தது. ஆர்வம் தாங்காமல் முந்தின நாளே வெளியிட்டுவிட்டார்கள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பன்னண்டு நிமிஷப் பேச்சு பாக்கி இருக்கு. நாலு மணிக்குள்ள போயாகணும். ஏஜென்சில கண்ணு தெரியாதவள வெச்சிருக்கறதே இதுவரைக்கும் லேட் பண்ணலங்கறதுக்காகத்தான். ஒரு தடவ தவறினா நாளைக்கு வேற ஆளு."

குழியிலிருந்து ஏறிய வேகத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கை ரெண்டும் மடியில். திரையில் சாம்பல் நிறம், அதன் நடுவில் பொடி எழுத்தில் முதல் கேள்வி. குறுக்கு வழி ஏதாவது உண்டா என்று அவன் எல்லா விசையையும் தட்டிப் பார்த்தான். எந்தக் குறுக்கு வழியும் இல்லை. பயனரின் சுதந்திரத்தை யாரும் தள்ளிப்போடக் கூடாது என்று அவனே எழுதியிருந்தான்.

"என்ன கேக்குது? படி" என்றாள் அத்தை.

வேறு வழியில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். "கேள்வி ஒண்ணு. எழுதுவதற்கு எந்த நிரலை விரும்புகிறீர்கள்? தேர்வு செய்யும்முன் இரண்டின் வரலாற்றையும்..."

"ஏதாவது ஒண்ணப் போடு."

"உருட்டினாத்தான் பொத்தான் வரும் அத்தை."

உருட்டினான். பொத்தான் வந்தது. வேலை செய்யவில்லை.

"இப்ப என்ன?"

"சிந்தனை நிமிஷம்."

"யாரு சிந்திக்கணும்?"

நிமிடம் முடிந்ததும் அவன் பொத்தானை அழுத்தினான். பதினாலாவது கேள்வி சாம்பல் நிறத்தின் அடர்த்தி பற்றியது. அத்தை சமையலறைக்குப் போய் ரெண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இருபத்தாறாவது கேள்விக்குத் தொண்டை வறண்டது. நாற்பதில் கட்டிக்கொண்டது. "இப்பத்தான் பழைய ஆளு குரல் மாதிரியே இருக்கு, மேல படி" என்றாள் அத்தை. ஊரில் இந்நேரம் எத்தனை அத்தைகள் இப்படி மடியில் கைவைத்து ஊமைப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கெல்லாம் ஸ்டூல் போட்டுப் படிக்க யார் இருப்பார்கள் என்று நினைத்தபோது மெக்கானிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஐம்பத்தெட்டாவது கேள்வியைத் தொட்டபோது மணி ரெண்டு முப்பத்தைந்து. "கம்ப்யூட்டர் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமா?" என்று வாசித்துக் காட்டினான். அத்தை சிரிக்கவில்லை. டிக் போட்டான். அறுபத்தொன்றாவது கேள்வி, "மேற்கண்ட தேர்வுகள் அனைத்தையும் பிறர் தலையீடின்றிச் சுதந்திரமாகச் செய்தேன் என்று உறுதி கூறுகிறீர்களா?" என்று இருந்தது.

"கூறறேன்னு போடு. இல்லன்னா இன்னொரு அறுபது கேக்கும்."

தொண்டைகட்டி உயிரோடு எழுந்தான். அத்தையின் விரல்கள் தானாக விசைப்பலகைக்குப் போயின. பாதியில் நின்ற கோப்பைத் திறந்து, எங்கே விட்டோம் என்று கடைசி வரியை வாசிக்கவிட்டாள். எந்த உணர்ச்சியும் இல்லாத அந்தக் கரகரத்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பேச்சாளர் ஐந்து. இன்னிக்கு அத்தைக்குன்னு தனியா ஒரு கேள்வியே கிடைச்சிருக்கு. இதவிட என்ன வேணும். அடைப்புக்குறி. கைதட்டல். அடைப்புக்குறி."

மெக்கானிக் ஸ்டூலிலிருந்து எழுந்தான். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"இது... உங்ககிட்டயா வருது?"

"ஏஜென்சி அனுப்புது. ஏழு மாசமா நான்தான் அடிக்கறேன். உன் குரல் எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும்." காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டே சொன்னாள். "லிஃப்டு பத்தி நல்லாப் பேசின. அன்னிக்கு எனக்கு ரொம்பப் பெருமையா இருந்தது. அப்புறம் அத இணைப்பு நாலுன்னாங்க. நீயும் சந்தோஷப்பட்ட."

"சொல்லியிருக்கலாமே அத்தை."

"கேட்டது காதோட. அது என் தொழில். நீதான் சொல்லியிருக்கணும், வெளியில இல்ல, அங்க."

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. குழு மூளை இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. "அத்தை, விதி ஒம்பது இருக்கு. வார்த்தைக்கு வார்த்தை குறிப்பு ஆறாம் நாள் நாலு மணிக்குள்ள வரலன்னா தீர்மானமே செல்லாது. நீங்க மட்டும் கொஞ்சம் லேட் பண்ணிட்டா..."

"தெரியும். அந்த விதியையும் நான்தான் அடிச்சேன்." அத்தை மிதியில் காலை வைத்தாள். "நீ வாயத் திறந்து செய்யாதத நான் கையக் கட்டிக்கிட்டுச் செய்யணுமா? போயி கதவச் சாத்து, வெளிச் சத்தம் கேக்குது."

பேச்சு அவள் காதுக்குள் ஓடியது, அவனுக்கு எழுத்து மட்டும் தெரிந்தது. பேச்சாளர் ஒன்று, ஆதரிக்கிறேன். பேச்சாளர் இரண்டு, ஆதரிக்கிறேன். மூன்று. நான்கு. அப்புறம் விரல்கள் நின்றன. குதிகாலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். பிறகு அடித்தாள்.

"பேச்சாளர் ஐந்து: (நான்கு விநாடி மௌனம்) ஆதரிக்கிறேன்."

"மத்தவங்க யாருக்கும் மௌனம் இல்ல" என்றாள். "நீ மட்டும் நாலு செகண்ட் யோசிச்சிருக்க. விட்டுடாம போட்டுட்டேன்."

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் குறிப்பை அனுப்பிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். தீர்மானம் முறைப்படி செல்லுபடியாயிற்று. மெக்கானிக்குக் கண்ணில் நீர் முட்டியது. "நவுருங்க அத்தை" என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். திட்டத்தின் முகவரிக்குப் பழைய வரியையே எழுதினான், ஏழு வரிப் பதவி எதுவும் இல்லாமல். அதை எடுக்காதீங்க. என் அத்தைக்கு வேணும். அனுப்பினான்.

அடுத்த விநாடியே பதில் வந்து விழுந்தது. தொண்டைகட்டி டிஃபால்ட்டாக அதை வாசிக்க ஆரம்பித்தான்.

"அன்பும் மதிப்பும் நிறைந்த பயனரே. உங்கள் கருத்து பெறப்பட்டது. வருந்துகிறோம். அத்தை என்பது எங்கள் பயனர் வகைப்பாட்டில் இல்லை. தனிநபர் தேவையை வைத்து டிஃபால்ட்டைத் தீர்மானிப்பது அறமாகாது. விரும்பினால் கூட்டத்துக்கு வரலாம். இது தானியங்கிப் பதில். இப்படிக்கு, செயலாளர், கேள்வித்தாள் துணைக்குழு."

அத்தை கடைசி வரை கேட்டாள். தொழில்காரி ஆயிற்றே, ஒரு வார்த்தை விடவில்லை.

"ஒரு பிழைகூட இல்ல. மரியாதையாவும் இருக்கு" என்றாள். "யாருடா இந்தச் செயலாளர்?"

மெக்கானிக் வாயைத் திறந்தான், எதுவும் வரவில்லை. அத்தை பார்வையின் ஓரத்தால் அவனைப் பார்த்தபடி, விரலால் மேஜையில் மெல்லத் தட்டி விநாடிகளை எண்ணத் தொடங்கினாள்.